ஹூஸ்டன்ல அஃபோர்டபிள் ஹவுசிங் மெயின்டனன்ஸ் வேலை, எடுக்கலாமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

சிங்காநல்லூர்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர்ல ஸ்பின்னிங் மில்லுல எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பாத்துட்டு இருந்தவனுங்க நான், ஐடிஐ எலக்ட்ரிசியன். அக்கா இங்க சிட்டிசன், கூடப் பொறந்தவனுக்குன்னு அவங்க போட்டு வெச்ச எஃப்-4 கிரீன் கார்டு பெட்டிசன் பதினஞ்சு வருசத்துக்கு மேல கெடந்து கெடந்து, புள்ளைக்கு வயசு தாண்டறதுக்குள்ள எப்படியோ வந்துருச்சு, குடும்பத்தோட ஹூஸ்டன் வந்து சேந்தாச்சு. எனக்கு வயசு 46.

இங்க ஒரு அபார்ட்மெண்ட்ல மெயின்டனன்ஸ் டெக்னீசியன் வேலைக்கு ஆஃபர் குடுத்துருக்காங்க. அஃபோர்டபிள் ஹவுசிங்குங்கறாங்க, வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கான வீடாமுங்க, டாக்ஸ் கிரெடிட் பிராப்பர்ட்டிங்கறாங்க, கவர்மெண்டான்னு கேட்டா இல்லீங்கறாங்க, ஆனா கவர்மெண்ட் இன்ஸ்பெக்சன் மட்டும் வருமாம், ஒண்ணும் வெளங்கலீங்க. மூணு மாடி கட்டடம், லிஃப்ட் கெடையாது, இருநூறு வீட்டுக்குக் கிட்ட இருக்கும், மெயின்டனன்ஸுக்கு என்னையும் சேத்து மூணே பேரு. மணிக்கு 21 டாலர், ஹெல்த் இன்சூரன்ஸ் உண்டு, மூணு வாரத்துக்கு ஒரு வாரம் ஆன்-கால். மூணு மாசத்துக்குள்ள ஏசி கேஸைக் கையாளறதுக்கான ஈபிஏ சர்டிபிகேட் எடுத்தாகணும், டூல்ஸ் சொந்தமா வெச்சுக்கணும், இதெல்லாம் கண்டிசன்.

மோட்டார், பேனல், ஸ்டார்ட்டர் எல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடுங்க. ஆனா இங்க பிளம்பிங், ஏசி, பெயிண்ட், கதவு, பூட்டு எல்லாத்தையும் ஒரே ஆளு பாக்கணுமாம். இங்லீஷு சமாளிப்பேன், போன்ல வேகமா பேசுனா பாதி புரியாது.

வீட்டுல வேற ஒரு சங்கடமுங்க. மச்சான் வட்டாரத்துல எல்லாரும் ஐடி. பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போனா சாப்பாட்டு வரிசையில நிக்கறப்பவே "எந்த கம்பெனி"ன்னு கேக்கறாங்க. அது கெடக்கட்டும், வேலை எப்படி, நிலைக்குமா, அதைச் சொல்லுங்க.

ரெஞ்சு_ராசு:

வாங்கண்ணே. நான் மதுரை, இதே ஹூஸ்டன் ஏரியாவுலதான் அபார்ட்மெண்ட் மெயின்டனன்ஸ் பாக்குறேன், இப்ப லீடா இருக்கேன். மொதல்ல ஒண்ணு, மில்லுல வேலை பாத்த ஆளுக்கு இந்த வேலையில டெக்னிக்கலா பெருசா எதுவும் புதுசா இருக்காது, ஆனா முதல் மாசம் கையை அடக்கி வேலை பாருங்க. ஏன்னா நம்மூர்ல கருப்பு நியூட்ரல், இங்க கருப்புதான் பேஸ், வெள்ளைதான் நியூட்ரல். பழக்கதோஷத்துல கருப்பைத் தொட்டா அவ்வளவுதான். அந்த வெள்ளையையும் நம்பாதீங்க, பழைய ஸ்விட்ச் லூப்ல வெள்ளையிலயும் கரண்ட் வரும், தொடாம காட்டுற டெஸ்டர் ஒண்ணு எப்பவும் சட்டைப் பையில கெடக்கணும். சாதா பிளக்ல 120 வோல்ட், ஸ்டவ், டிரையர், ஏசிக்கெல்லாம் ரெண்டு கால் சேந்து 240, நம்மூரு மாதிரி த்ரீ பேஸ் கணக்கை வீட்டுக்குள்ள தேடாதீங்க. ஸ்விட்ச் மேல தள்ளுனா ஆன்.

ஹூஸ்டன்ல இந்த வேலைன்னா ஏசிண்ணே. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதுலயும் பாதி வேலை கம்ப்ரஸர், கேஸ்னு பெரிய விசயமா இருக்காது. ஒண்ணு கெப்பாசிட்டர் உப்பிப் போயிருக்கும், மேல மூணு முனை இருக்கும், காமன், ஃபேன், கம்ப்ரஸர். மைக்ரோஃபாரட் பாத்து அதே ரேட்டிங்ல மாத்துனா ஓடிரும், மோட்டார்காரருக்கு இதை நான் சொல்லணுமா. இல்லைன்னா காண்டாக்டர்ல எறும்பு செத்துக் கெடக்கும், சிரிக்காதீங்க, நெசமாவே எறும்பு பாயிண்ட்டுக்கு நடுவுல பூந்து காண்டாக்ட் ஒட்டாமப் பண்ணிரும். அதுவும் இல்லைன்னா டிரெயின், ஏசி தண்ணி வெளியே போற பைப்பு.

இந்த டிரெயினைப் பத்தி கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா உங்களுக்கு ராத்திரி தூக்கம் போறது இதனாலதான். வீட்டுக்குள்ள ஏர் ஹேண்ட்லர், அதான் ஏசியோட உள் யூனிட், ஒரு சின்ன அலமாரிக்குள்ள நிக்கும், காயில்ல வடியிற தண்ணி முக்கால் இஞ்ச் பிவிசி பைப்பு வழியா வெளியே போகணும். ஹூஸ்டன் புழுக்கத்துக்கு அந்தப் பைப்புக்குள்ள பாசி கொழகொழன்னு வளந்து அடைச்சிரும். தட்டுல தண்ணி ஏறுனதும் ஃப்ளோட் ஸ்விட்ச் ஏசியை நிறுத்திரும், அது நல்ல வீடு. ஃப்ளோட் ஸ்விட்ச்சை எவனோ ஒருத்தன் முன்னாடி வயரைச் சேத்து முறுக்கி பைபாஸ் பண்ணி வெச்சிருப்பான், அந்த வீட்டுல தண்ணி நிரம்பி கீழ் வீட்டு சீலிங்ல இறங்கும். இங்க சீலிங்னா கான்கிரீட்டு இல்லை, ஜிப்சம் போர்டு, ஊறி ஊறி ஒருநா பொத்துனு விழுந்துரும். அப்ப ஒரு ஏசி கால் இருந்தது ரெண்டு வீட்டு ரிப்பேர் ஆச்சு. வெளியே பைப்பு முடியிற எடத்துல வெட் வேக்குவத்தை வெச்சு, துணியைச் சுத்தி காத்து போகாம பிடிச்சு, ரெண்டு நிமிசம் இழுங்க, பாசி மொத்தமா வந்துரும். அப்புறம் பைப்புல மேல இருக்கற டீ ஜாயிண்ட் வழியா கொஞ்சம் வினிகர் ஊத்துங்க. சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லா வீட்டுலயும் இதைப் பண்ணிட்டா ஜூன் மாசம் மனுசனா இருக்கலாம். மேனேஜர் டைம் குடுக்க மாட்டாங்க, சண்டை போட்டாவது வாங்கிருங்க.

ஈபிஏ 608 பயப்பட வேணாம். கோர் ஒரு பகுதி, டைப் 1, 2, 3 தனித்தனி, ஒவ்வொண்ணுலயும் 25 கேள்வி, 18 சரியாப் போட்டா பாஸ். அபார்ட்மெண்ட் ஸ்ப்ளிட் ஏசிக்கு டைப் 2 போதும், ஆனா நாலையும் சேத்து எழுதி யுனிவர்சல் வாங்கிருங்க, ஒருதரம் வாங்குனா ஆயுசுக்கும் செல்லும், புதுப்பிக்கற வேலை இல்லை. கேஸை வெளியே தொறந்து விட்டா சட்டப்படி குத்தம், அதுதான் அந்தப் பரீட்சையோட சாரமே. ஆர்-22ங்கற பழைய ஏசி கேஸைப் புதுசா தயாரிக்கறதும் இறக்குமதியும் 2020லயே நின்னுபோச்சு, ஆர்-410ஏ போடுற புது ஏசி தயாரிக்கறதும் 2025ல இருந்து கட், இப்ப வர்றது ஆர்-454பி, ஆர்-32, ரெண்டும் லேசா தீப்பிடிக்கற ரகம். பழைய பிராப்பர்ட்டியில இது மூணு தலைமுறையும் பக்கத்து பக்கத்துல நிக்கும், லேபிளைப் படிக்காம கேஜை மாட்டாதீங்க.

21 டாலர் ஆரம்பத்துக்கு மோசமில்லை, ஈபிஏ கையில வந்ததும் ஏத்திக் கேளுங்க. மூணு மாடி லிஃப்ட் இல்லைன்னு சொன்னீங்களே, அதைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. வாட்டர் ஹீட்டரை மூணாவது மாடிக்குத் தூக்கறது 46 வயசுல விளையாட்டில்லை. படி ஏறுற தள்ளுவண்டி ஸ்டோர்ல இருக்கான்னு கேட்டுட்டு கையெழுத்துப் போடுங்க.

கோட்மாமா_ஆஸ்டின்:

சார், தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாரும் "நல்ல வேலை"ன்னு சொல்லுவாங்க, நான் வேற பக்கம் சொல்றேன். நான் ஐடிதான், ஆனா என் தம்பி எலக்ட்ரிசியன் லைன்ல இருக்கான், அதனால தெரியும். டெக்சாஸ்ல ஜர்னிமேன், அதாவது முழு எலக்ட்ரிசியன் லைசன்ஸ் வாங்கணும்னா மாஸ்டர் எலக்ட்ரிசியன் மேற்பார்வையில 8,000 மணி நேரம் வேலை பாத்துருக்கணும், பரீட்சையும் பாஸ் ஆகணும். நீங்க அபார்ட்மெண்ட்ல பல்பும் ப்ளக்கும் அஞ்சு வருஷம் மாத்தினாலும் பக்கத்துல மாஸ்டர் இல்லைன்னா அந்த மணி நேரம் கணக்குல ஏறாது. உங்களை மாதிரி பேனல், மோட்டார் தெரிஞ்ச ஆள் ஒரு எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர்கிட்ட அப்ரெண்டிஸா சேந்தா நாலு வருஷத்துல ஜர்னிமேன், அதுக்கப்புறம் சம்பளம் எங்கேயோ போயிடும். இப்ப டெக்சாஸ் பூரா டேட்டா சென்டர் கட்டிட்டு இருக்காங்க, எலக்ட்ரிசியன் கிடைக்காம அலையறாங்க. டாய்லெட் அடைப்பு எடுக்கறதுக்கா இத்தனை வருஷம் காத்திருந்து வந்தீங்க?

ரெஞ்சு_ராசு:

கோட்மாமா, லைசன்ஸ் கணக்கு நீங்க சொன்னது சரி. கடைசி வரிதான் சரியில்லை. அந்த அடைப்பை எடுக்க ஆள் வரலைன்னா ஒரு ராத்திரி உங்க வீட்டுல எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அண்ணனுக்கு குடும்பம் கூட இருக்கு, ஆஃபர்ல ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கு. அப்ரெண்டிஸா சேந்தா சைட்டுக்கு சைட் ஓடணும், வேலை இல்லாத வாரம் சம்பளம் இல்லை, ஆகஸ்ட் வெயில்ல கூரைக்கு அடியில இருக்கற அட்டிக்குல பைப்பு இழுக்கணும். இருபத்தஞ்சு வயசுப் பையனா இருந்தா நானே உங்க கட்சிதான்.

ஃபைல்ரூம்_லதா:

அண்ணா, நான் ஆஃபீஸ் பக்கம், அஃபோர்டபிள் ப்ராப்பர்ட்டிங்களுக்கு கம்ப்ளையன்ஸ், அதாவது சட்டப்படி எல்லாம் நடக்குதான்னு பாக்கறேன். கவர்மெண்டா இல்லையான்னு குழப்பமா இருக்குன்னு எழுதியிருந்தீங்க, அதுதான் உங்க வேலையோட தலையெழுத்தையே நிர்ணயிக்கப் போகுது, அதனால சொல்றேன்.

டாக்ஸ் கிரெடிட்ங்கறது 1986ல வந்த வரிச் சட்டத்துல ஒரு பிரிவு. கட்டடம் தனியார்தான். கட்ட காசு போட்ட முதலீட்டாளருக்கு பத்து வருஷம் வருமான வரியில தள்ளுபடி கிடைக்கும், அதுக்கு பதிலா வாடகையையும், குடி வர்றவங்க வருமானத்தையும் ஒரு வரம்புக்குள்ள வெச்சுக்கணும், கட்டடத்தை நல்லா பராமரிக்கணும். 15 வருஷத்துக்குள்ள இதுல ஓட்டை விழுந்தா குடுத்த தள்ளுபடியைத் திரும்பப் பிடுங்கலாம், வாடகைக் கட்டுப்பாடு அதுக்கு மேலயும் ஓடும், மொத்தம் குறைஞ்சது 30 வருஷம். டெக்சாஸ்ல இதை மேற்பார்வை பாக்கறது மாநிலத்தோட ஹவுசிங் டிபார்ட்மெண்ட், டிடிஎச்சிஏன்னு சொல்லுவாங்க. மூணு வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து வீட்டுக்குள்ள பூந்து பாப்பாங்க. எந்தெந்த வீடுன்னு முன்கூட்டி சொல்ல மாட்டாங்க. குறை கண்டுபிடிச்சா வருமான வரி ஆஃபீஸான ஐஆர்எஸ்ஸுக்கு 8823ன்னு ஒரு ஃபார்ம் போகும். அதாவது மூணாவது மாடி மூலை வீட்டுல ஸ்மோக் அலாரம் கழட்டிக் கெடந்தா, அது நியூயார்க்ல உக்காந்திருக்கற யாரோ ஒரு முதலீட்டாளரோட வரி விஷயம் ஆயிடுது. அதனாலதான் மேனேஜர் சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்தறாங்கன்னு உங்களுக்குத் தோணும்.

இப்ப பல இடத்துல என்ஸ்பயர்னு ஹட், அதான் மத்திய அரசோட ஹவுசிங் டிபார்ட்மெண்ட், கொண்டுவந்த இன்ஸ்பெக்ஷன் முறைதான், 2023ல ஆரம்பிச்சது. உயிருக்கு ஆபத்து, கடுமையானது, நடுத்தரம், லேசானதுன்னு நாலு தரம் பிரிச்சு வெச்சிருக்காங்க. ஹட் வீடுங்கள்ல முதல் ரெண்டும் 24 மணி நேரத்துக்குள்ள சரி பண்ணணும், நடுத்தரத்துக்கு 30 நாள், லேசானதுக்கு 60 நாள். இதுல மெயின்டனன்ஸ் ஆளுங்க மாட்டிக்கறது பெரிய ரிப்பேர்ல இல்லை. ஸ்மோக் அலாரம் வேலை செய்யாதது, சமையல் புகைக்கு அலறுதுன்னு குடித்தனக்காரங்களே பேட்டரியை உருவி வெச்சிருப்பாங்க. சிங்க்ல இருந்து ஆறு அடிக்குள்ள இருக்கற ப்ளக்ல ஷாக் அடிக்காம கரண்டை நிறுத்தற ஜிஎஃப்சிஐ இல்லாதது, இல்ல டெஸ்ட் பட்டனை அழுத்தினா டிரிப் ஆகாதது. பேனல்ல ஒரு பிரேக்கரைக் கழட்டிட்டு அந்த ஓட்டையை மூடாம விட்டது, ஒரு சின்ன ப்ளாஸ்டிக் மூடி, அதுக்கு உயிருக்கு ஆபத்துன்னு எழுதிட்டுப் போவாங்க. வாட்டர் ஹீட்டர் சேஃப்டி வால்வுல இருந்து கீழே வர்ற பைப் இல்லாதது. ஜன்னலை மறைச்சு கட்டிலைப் போட்டு வெளியேற வழி இல்லாம பண்ணி வெச்சிருக்கறது, இது குடித்தனக்காரங்க தப்பாவே இருந்தாலும் ப்ராப்பர்ட்டி கணக்குலதான் ஏறும். அதனால எந்த வேலைக்கு எந்த வீட்டுக்குள்ள போனாலும் வெளியே வர்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இதெல்லாம் ஒரு சுத்து பாத்துட்டு வந்துடுங்க.

இன்னொண்ணு, எழுதாத வேலை எங்களைப் பொறுத்தவரை நடக்காத வேலை. போனதும் ஒரு போட்டோ, முடிச்சதும் ஒரு போட்டோ, வொர்க் ஆர்டரை அன்னிக்கே க்ளோஸ் பண்ணணும். தங்கமா வேலை செய்வாங்க, ஆனா வொர்க் ஆர்டர் மட்டும் பத்து நாள் ஓப்பன்லயே கெடக்கும், இன்ஸ்பெக்டர் பாக்கறது அந்த பத்து நாளைத்தான். உங்களுக்கு இங்லீஷ் கஷ்டம்னு சொன்னீங்க, கவலையே வேண்டாம், "கெப்பாசிட்டர் மாத்தியாச்சு, 45/5, ஏசி ஓடுது" இவ்வளவு எழுதினா போதும்.

அப்புறம் ஃபேர் ஹவுசிங், குடித்தனக்காரங்ககிட்ட பாரபட்சம் காட்டக்கூடாதுங்கற சட்டம். பாட்டி ஒருத்தங்க "தம்பி, பாத்ரூம்ல பிடிச்சு நிக்க கம்பி ஒண்ணு போட்டுக்குடு"ன்னு கேப்பாங்க. நீங்களா "அதெல்லாம் முடியாதுங்க"ன்னு சொல்லிடாதீங்க, நீங்களா போய் மாட்டியும் விடாதீங்க. அது உடல்நிலை காரணமா கேக்கற கோரிக்கை, சட்டப்படி அதுக்கு ஒரு முறை இருக்கு, "ஆஃபீஸ்ல சொல்றேன்"னு சொல்லி அன்னிக்கே எங்ககிட்ட எழுதிக் குடுத்துடுங்க. வாசல்ல நின்னு நீங்க சொல்ற ஒரு "முடியாது" கம்பெனி சொன்ன "முடியாது" ஆயிடும்.

சிங்காநல்லூர்காரன்:

ரொம்ப நன்றிங்க ராசு தம்பி, லதாம்மா. இப்பத்தான் தலையும் வாலும் தெரியுது. கோட்மாமா சொன்னதும் மனசுல ஓடிட்டேதான் இருக்குதுங்க, கோவம் எல்லாம் இல்லை. ரெண்டு கேள்வி. ஆன்-கால் வாரத்துல வீட்டுல உக்காந்துட்டு இருந்தா காசு உண்டுங்களா? அப்புறம், பிராப்பர்ட்டியிலயே ஒரு வீடு குறைஞ்ச வாடகைக்குத் தர்றேங்கறாங்க, குடி போலாங்களா? வூட்டுக்காரி வேண்டாம்ங்கறா, எனக்கு என்னமோ வாடகை மிச்சம்னு தோணுது.

வன்னியன்_ரொறன்ரோ:

அண்ணை, நான் ரெக்சாஸ் இல்லை, ரொறன்ரோ. இஞ்ச வருமானத்துக்கேத்த வாடகைக் கட்டடம் ஒண்டில சூப்பரின்டென்டனா, கட்டடத்தைப் பாக்கிற ஆளா இருக்கிறன், ஆக்களின்ர வருமானத்தில முப்பது வீதம்தான் வாடகை. சட்டம் வேற, வேலை ஒண்டுதான். கட்டடத்துக்குள்ளயே இருக்கிறதைப் பற்றி நான் சொல்லலாம், ஏனெண்டா நான் அப்பிடித்தான் இருக்கிறன்.

காசு மிச்சம்தான், இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா கதவு உங்கட கதவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க "சிங்க் ஒழுகுது, ஒருக்கா எட்டிப் பாக்கிறியளோ" எண்டு வந்து நிப்பினம். தமிழ் அம்மாமார் எண்டா புட்டும் கறியும் கொண்டு வந்து தந்திட்டுத்தான் கேப்பினம், எப்பிடி மாட்டன் எண்டிறது? நான் என்ன செய்யிறனான் எண்டா, போகமாட்டன் எண்டு சொல்லாமல், அவையின்ர போனிலேயே எமெர்ஜென்சி நம்பருக்கு அடிச்சு வேலையைப் பதிஞ்சு குடுத்திடுவன். பதிவு இருந்தா எனக்குச் சம்பளமும் வரும், உண்மையான அவசரம் எண்டா உடனையே போகலாம், இல்லாட்டி திங்கள். தங்கச்சி லதா சொன்ன அதே எழுத்து விசயம்தான். உங்கட மனிசி சொல்லுறதைக் கேளுங்கோ, முதல் வருசம் வெளியில இருங்கோ, கட்டடத்தின்ர குணம் தெரிஞ்சாப் பிறகு பாக்கலாம்.

மற்றது மூட்டைப்பூச்சி. ஒருத்தரும் எழுதேல்லை, நான் எழுதுறன். அஃபோர்டபிள் எண்டில்லை, கொண்டோவிலயும் இருக்கு, ஆனா ஆக்கள் நெருக்கமா இருக்கிற கட்டடத்தில சுவருக்குள்ளால பக்கத்து வீட்டுக்குப் போகும். அதோட, வெளியில துரத்திப் போடுவினமோ எண்ட பயத்தில ஆக்கள் சொல்லாமல் மறைப்பினம். சோபாவில இருக்காதேங்கோ, டூல் பையை கார்பெற்றிலயோ கட்டில்லயோ வையாதேங்கோ, குளிக்கிற தொட்டிக்குள்ள வையுங்கோ, வழுக்கிற இடத்தில அது ஏறாது. வீட்டை வந்தவுடனை உடுப்பை நேர டிரையருக்குள்ள போட்டு நல்ல சூட்டில ஓட விடுங்கோ, சூட்டுக்குத்தான் அது சாகும், தண்ணிக்கு இல்லை. கண்டா முகத்தைச் சுழிக்காமல் "உங்களில பிழையில்லை அம்மா, மருந்தடிக்கிற ஆக்களை வரச் சொல்லுறன்" எண்டு சொல்லுங்கோ. அப்பதான் அடுத்த முறை உங்களுக்கு வேளைக்குச் சொல்லுவினம்.

ஃபைல்ரூம்_லதா:

வன்னியன் அண்ணா சொன்ன தொட்டி விஷயத்தை எங்க டீமுக்கு நாளைக்கே சொல்றேன்.

ஆன்-கால் காசு பத்தி: வீட்டுல உங்க பாட்டுக்கு டிவி பாத்துட்டு, கடைக்குப் போயிட்டு ஃபோனை மட்டும் பக்கத்துல வெச்சிருந்தா அந்தக் காத்திருப்புக்கு பொதுவா சட்டப்படி சம்பளம் தர வேண்டியதில்லை. கால் வந்து கிளம்பி வேலை பாத்த நேரத்துக்கு கட்டாயம் தரணும், வாரம் 40 மணி நேரம் தாண்டினா ஒன்றரை மடங்கு. சில கம்பெனிங்க ஆன்-கால் வாரத்துக்குன்னு தனியா ஒரு தொகை தருவாங்க, ஒரு காலுக்கு குறைஞ்சது ரெண்டு மணி நேரம்னு கணக்குப் போடுவாங்க, இதெல்லாம் அந்தந்த கம்பெனி பாலிசி, ஆஃபர் லெட்டர்லயே எழுதி வாங்குங்க. ஃபோன்லயே பேசி பிரேக்கரை ரீசெட் பண்ண சொல்லிக்குடுத்த நேரமும் வேலை நேரம்தான், அதையும் எழுதுங்க, பாதி பேர் விட்டுடறாங்க.

வீடு விஷயம். டாக்ஸ் கிரெடிட் ப்ராப்பர்ட்டியில ஸ்டாஃப் வீடுன்னா ரெண்டு விதமா வெச்சிருப்பாங்க. ஒண்ணு, வேலைக்குத் தேவையான வீடுன்னு கணக்குல இருந்தே ஒதுக்கி வெக்கறது, அதுல வருமான வரம்பு பாக்க மாட்டாங்க. இன்னொண்ணு, நீங்களும் மத்த எல்லாரையும் போல ஒரு குடித்தனக்காரரா வருமானச் சான்று குடுத்து தகுதி ஆகி வர்றது. ரெண்டாவதுன்னா வேலையை விட்டாலும் லீஸ் உங்க பேர்ல இருக்கும். முதல்தா இருந்தா வேலை போனா வீடும் போகும். எதுன்னு கேளுங்க.

ரெஞ்சு_ராசு:

ஆன்-கால் வாரம்னதும் ஞாபகம் வந்துச்சுண்ணே, சேந்த முதல் வாரமே ஒவ்வொரு பில்டிங்குக்கும் மெயின் தண்ணி வால்வு எங்க இருக்குன்னு நடந்து போய்ப் பாருங்க. புல்லுக்கு அடியில, மண்ணு மூடி, மூடி மேல கார் நிக்கும். போட்டோ எடுத்து பில்டிங் நம்பர் போட்டு போன்ல வைங்க, வால்வு சாவி வண்டியிலயே கெடக்கட்டும். 2021 பிப்ரவரியில இங்க உறைஞ்சுபோச்சே, கரண்டும் இல்லை, அட்டிக்குல போற பைப்பெல்லாம் உறைஞ்சு வெடிச்சு, ஐஸ் இளகுனதும் மூணாவது மாடியில இருந்து தரை வரைக்கும் தண்ணி கொட்டுச்சு. அன்னைக்கு ரிப்பேர் தெரிஞ்ச ஆளு தேவைப்படலை, வால்வு எங்கன்னு தெரிஞ்ச ஆளுதான் தேவைப்பட்டான். அதே மாதிரி 2024 ஜூலையில பெரில் புயலு, ஊர் பூரா இருபது லட்சம் கனெக்சனுக்கு மேல கரண்டு இல்லை, நாள்கணக்கா. ஏசி இல்லாத மூணாவது மாடி வீட்டுல ஆக்சிஜன் மிஷின் வெச்சிருக்கற பெரியவங்க இருப்பாங்க. யார் யார் வீட்டுல அப்படி இருக்குன்னு ஆஃபீஸ்ல லிஸ்ட் இருக்கும், இல்லைன்னா நீங்களே மனசுல வெச்சுக்கங்க.

ஜனங்களைப் பத்தி ஒண்ணு சொல்லிர்றேன், ஏன்னா வெளியே ஆளாளுக்கு கதை கட்டுவாங்க. நான் ஆடம்பர அபார்ட்மெண்ட்லயும் வேலை பாத்துருக்கேன், இங்கயும் பாக்குறேன். இங்க இருக்கறவங்க ஸ்கூல் பஸ் ஓட்டறவங்க, நர்சிங் ஹோம் ஆயா, ஹோட்டல்ல சமைக்கறவங்க, ரிட்டையர் ஆன பெரியவங்க. ஒரு வேலைக்கு லீவு போட்டா அன்னைக்கு சம்பளம் இல்லை, அதனால "செவ்வாய் காலையில வர்றேன்"னு சொன்னா செவ்வாய் காலையில போங்க. கோவப்பட்டு கத்துனா முக்காவாசி உங்க மேல இல்லை, முன்னாடி இருந்தவன் மூணு தரம் வர்றேன்னு சொல்லி வராமப் போயிருப்பான். கதவைத் தட்டி, "மெயின்டனன்ஸ்"னு சத்தமாச் சொல்லி, மறுபடி தட்டி, அப்புறம்தான் சாவி போடணும், வீட்டுல புள்ளைங்க மட்டும் தனியா இருந்தா உள்ள போகவே கூடாது, திரும்பி வந்துருங்க. ஸ்பானிஷ் பேசற வீடு நெறைய இருக்கும், கூட வேலை பாக்கறவங்களும் அப்படித்தான், நாப்பது அம்பது வார்த்தை காதுல ஏறிருச்சுன்னா போதும், உங்க இங்லீஷைப் பத்தி யாரும் கவலைப்பட மாட்டாங்க.

சிங்காநல்லூர்காரன்:

வால்வு விசயம் நோட்டுல எழுதிட்டேனுங்க. இன்னைக்கு மத்தியானம் போயி இடத்தைச் சுத்திப் பாத்துட்டு வந்தேன், மேனேஜரம்மா நல்லாத்தான் பேசுனாங்க. ஆனா மெயின்டனன்ஸ் ஷாப் உள்ள ஒரே குப்பைங்க, பழைய ஸ்டவ்வு, கழட்டுன டாய்லெட்டு, பெயிண்ட் டப்பா எல்லாம் மலையா கெடக்குது. போர்டுல காலியா கெடக்கற வீடு பதினெட்டுன்னு எழுதிருந்துச்சு. அது ஜாஸ்திங்களா?

ரெஞ்சு_ராசு:

இருநூறுக்கு பதினெட்டு ஜாஸ்திண்ணே. காலியான வீட்டை மேக்-ரெடி பண்ணத்தான் உங்களை எடுக்கறாங்கன்னு அர்த்தம். குப்பை அள்ளி, சுவத்துல ஓட்டை அடைச்சு, பெயிண்ட் அடிச்சு, பூட்டு மாத்தி, ஸ்டவ் தேய்ச்சு, அதுவும் மாசக் கடைசியில எல்லாம் ஒரே நேரத்துல. உங்க எலக்ட்ரிகல் மூளைக்கு முதல் மூணு மாசம் வேலையே இருக்காது, ஜிப்சம் போர்டு பூசக் கத்துக்கத்தான் போறீங்க. பெயிண்டையும் கிளீனிங்கையும் கான்ட்ராக்ட்டுக்கு விடறாங்களா, இல்லை எல்லாமே நீங்களான்னு கேளுங்க. எல்லாமே நாங்கதான்னு சொன்னா 21 பத்தாது, 23 கேளுங்க. முன்னாடி இருந்த டெக்னீசியன் ஏன் போனான்னும் கேளுங்க, பதில் சொல்லும்போது அந்தம்மா மூஞ்சியப் பாருங்க.

ஃபைல்ரூம்_லதா:

கூடவே கடைசி இன்ஸ்பெக்ஷன் எப்ப நடந்தது, என்னென்ன குறை எழுதினாங்க, அடுத்தது எப்பன்னு கேளுங்க. நல்ல மேனேஜர்னா சந்தோஷப்படுவாங்க, எந்த டெக்னீசியனும் இன்டர்வியூவுல இதைக் கேக்கறதில்லை. ரிப்போர்ட்ல பழைய குறை இன்னும் முடியாம இருந்தா, சேந்த அன்னிக்கே அது உங்க தலையிலதான் வரும், அதை வெச்சே சம்பளத்தைப் பேசலாம்.

கோட்மாமா_ஆஸ்டின்:

சார், முன்னாடி டாய்லெட்னு எழுதினது கொஞ்சம் ஓவர்தான், விடுங்க. வேலையை எடுத்தீங்கன்னா ஒண்ணு பண்ணுங்க, ஈபிஏ முடிச்சதும் கம்யூனிட்டி காலேஜ்ல சாயந்தர எச்விஏசி, அதாவது ஏசி-ஹீட்டர் வகுப்பு இருக்கும், சேந்துடுங்க. கம்பெனிங்க பாதி ஃபீஸ் தருவாங்க சில இடத்துல, கேட்டுப் பாருங்க. எலக்ட்ரிகல் லைசன்ஸுக்கு மணி நேரம் சேராட்டியும் ஏசி லைன்ல உங்களுக்கு வெளி வாசல் ஒண்ணு இருக்கும்.

சிங்காநல்லூர்காரன்:

நாளைக்கு காலையில போன் போட்டு இந்த மூணையும் கேக்கறேனுங்க, இன்ஸ்பெக்சன் ரிப்போர்ட்டு, கான்ட்ராக்ட், ஆன்-கால் காசு. 23 கேக்கத்தான் கொஞ்சம் கூச்சமா இருக்குது. வீடு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன், வூட்டுக்காரி இதைப் படிச்சுட்டு "நாஞ் சொன்னேன்ல"ன்னு ஆரம்பிச்சுட்டா. டூல்ஸ் எங்க வாங்கறதுங்க, எல்லாம் புதுசா வாங்குனா ஒரு மாச சம்பளம் போயிரும் போல இருக்குதே?

ரெஞ்சு_ராசு:

எல்லாம் ஒரே நாள்ல வாங்காதீங்கண்ணே. முதல்ல மல்டிமீட்டர், கெப்பாசிட்டர் அளக்கறதா பாத்து வாங்கிக்கங்க, தொடாம பாக்குற டெஸ்டர், கார்ட்லெஸ் டிரில், சேனல்லாக் பிளையர் ரெண்டு சைஸ், நட் டிரைவர் கால் இஞ்சும் 5/16 இஞ்சும், தலையில மாட்டுற லைட்டு, முழங்கால் பேடு. வெட் வேக்குவம், அடைப்பு எடுக்கற டிரெயின் மிஷின், கேஸ் ரெக்கவரி மிஷின், ஏணி எல்லாம் கம்பெனி தரணும், நீங்க வாங்காதீங்க, கேட்டா "உங்ககிட்ட இல்லையா"ம்பாங்க, இல்லைன்னே சொல்லுங்க. சனிக்கிழமை பான் ஷாப்புல, அதான் அடகுக் கடையில, நல்ல டிரில் பாதி வெலைக்கு கெடைக்கும், பேட்டரி சார்ஜ் நிக்குதான்னு அங்கயே ஓட்டிப் பாத்து வாங்குங்க. நான் பியர்லேண்ட் பக்கந்தான், தனி மெசேஜ் போடுங்க, கூட வர்றேன். அப்புறம் 23 கேக்க கூச்சப்படாதீங்க, அவங்க 22க்கு வருவாங்க.